காசிமேட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்கள் தெருக்காரர்களுக்கும், மீன் ஏலம் விடுகிற இடத்தில் அப்பாவோடு கூடை தூக்குகிறவர்களுக்கும், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்துக்கொண்ட எல்லாருக்கும் வணக்கம்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துவிட்டுப் பலரும் அம்மாவிடம் விசாரிக்கிறீர்கள். அம்மா சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே அழுதுவிடுகிறார். அதனால் மூத்த மகள் நான் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. சிலர் வேண்டாம் என்றார்கள், சிலரின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது.

முதல் நன்றி மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கு. நவம்பர் மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது அடைப்பை எடுக்க அப்பா வெறுங்காலோடு இறங்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர் குதிகாலில் எப்போதும் பித்தவெடிப்பு. பத்து நாள் போல கழித்துக் காய்ச்சல் வந்தது. முதலில் காட்டிய இடத்தில் வைரல் காய்ச்சல் என்று ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரை தீர்ந்ததும் அதே சீட்டோடு கடைக்குப் போனோம். அண்ணன் மாத்திரையை எடுக்கவில்லை. வெளியே வந்து அப்பாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கண் சிவந்து, ஓரத்தில் மஞ்சள் ஓடியிருந்தது. கெண்டைக்காலை லேசாக அமுக்கினார், அப்பா கத்திவிட்டார். "காலைலேர்ந்து ஒண்ணுக்குப் போனீங்களா?" அப்பாவுக்கு நினைவில்லை. "இனிமே எங்கிட்ட மாத்திரை கிடையாது. நேரா ஸ்டான்லிக்குப் போங்க. மழைத் தண்ணில இறங்கினதை மறக்காம சொல்லுங்க" என்றார். விற்க மறுத்த அந்த ஒரு அட்டை மாத்திரைக்காக அண்ணனுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று பிறகுதான் தெரிந்தது.

எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி தேங்கிய தண்ணீரில் கலந்து, காலில் உள்ள வெடிப்பு, புண் வழியாக உடம்புக்குள் போய்விடும். பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் காட்டும். ஆரம்பத்தில் டெங்குவா இதுவா என்று பிரித்துச் சொல்வது கஷ்டமாம். அப்போதே பிடித்தால் ஆன்டிபயாடிக்கில் சரியாகிவிடும், முற்றினால் கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகக் கைவைக்கும். அப்பாவுக்கு மூன்றிலும் கைவைத்துவிட்டது. அட்மிட் ஆன மறுநாள் ராத்திரியே மூச்சு வாங்க ஆரம்பித்து, ஐசியூவில் வென்டிலேட்டர் போட்டார்கள். கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ்.

ஐசியூ வாசலில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே அதிகமாகக் காதில் விழுவது "ஒண்ணும் ஆகாது" என்பதுதான். அன்பால் சொன்னீர்கள், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அதைக் கேட்கக் கேட்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒன்றும் ஆகாது என்றால் எதற்கு இத்தனை கையெழுத்து? எங்களைத் தாங்கிப் பிடித்தது வேறு மாதிரிப் பேச்சு. மேல்படிப்பு படித்துக்கொண்டே வேலை பார்க்கும் ஒரு பிஜி டாக்டர் தம்பி, என்னைவிடச் சின்னவராகத்தான் இருப்பார், சுவரில் சாய்ந்து நின்றபடி சொன்னார்: "அக்கா, பிழைச்சிடுவார்னு இப்ப சொல்ல மாட்டேன். ஆனா இந்த நோயில கிட்னி பெரும்பாலும் திரும்பி வேலை செய்ய ஆரம்பிச்சிடும். அதுவரைக்கும் நாம தாக்குப்பிடிக்கணும். தினமும் யூரின் எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க." கவலைப்படாதே என்று சொல்லாமல், எதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு ஒரே கேள்வி. காலை ஷிஃப்ட் சிஸ்டர் வெளியே வந்தால் அம்மா ஓடுவார். "150 மில்லிம்மா." மறுநாள் 200. நடுவில் ஒருநாள் குறைந்துவிட, அம்மா அன்று சாப்பிடவே இல்லை. என் தம்பி இதைத் தெருவில் சொல்லப் போக, அப்புறம் கேட்கவா வேண்டும்? டீக்கடையில், தண்ணீர் லாரி வரிசையில், எங்கே பார்த்தாலும் "அண்ணாத்தைக்கு இன்னிக்கு எவ்ளோ வந்துச்சு?" கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் என்றால் என்ன என்று எங்கள் தெருவில் இப்போது கோலி விளையாடுகிற பையன்களுக்குக்கூடத் தெரியும். 7.8-ல் இருந்தது 1.4-க்கு இறங்கியதை அவர்கள்தான் வீடு வீடாகச் சொன்னார்கள். சிறுநீர் ஒருநாள் மூன்று லிட்டரைத் தொட்டதும் யாரோ பட்டாசு வெடித்ததாகக் கேள்வி. யாரென்று விசாரிக்கவில்லை. நன்றி.

ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு (பிளேட்லெட்) 18,000-க்கு இறங்கியபோது படகிலிருந்து நேராக வந்த அண்ணன்களை எப்படி மறப்பேன்? ராத்திரி முழுக்கக் கடலில் இருந்தவர்கள். ரத்த வங்கியில், முதலில் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். சாயந்திரமே திரும்பி வந்தார்கள். அதில் இரண்டு பேர் முந்தின நாள் குடித்ததை ஃபாரத்தில் உண்மையாகச் சொல்லிவிட்டதால் எடுக்கவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போகாமல், உள்ளே போனவர்களின் செல்போனையும் செருப்பையும் காவல் காத்தார்கள். ரத்தம் கொடுத்தவர்களுக்குச் சமமாக இவர்களுக்கும் நன்றி. பப்பாளி இலைச் சாறு அரைத்துக் கொண்டுவந்த மூன்று வீட்டுக்கும் நன்றிதான். அப்பா வாயில் குழாய் இருந்ததால் கொடுக்க முடியவில்லை.

மயக்க மருந்தைக் குறைத்தபோது அப்பா எங்களை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. குழாயைப் பிடுங்கப் பார்த்ததால் இரண்டு கையையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எதுக்குக் கட்டியிருக்கீங்க, அவர் இன்னா திருடனா?" என்று கத்திவிட்டார். நைட் சிஸ்டர் கோபப்படவில்லை. கட்டை அவிழ்த்து, அப்பாவின் கையை அம்மா கையில் கொடுத்து, "நீங்க இருக்கிறவரைக்கும் நீங்களே பிடிச்சுக்கோங்க, போகும்போது சொல்லுங்க" என்றார். பார்வை நேரம் முடிந்தும் கொஞ்ச நேரம் விட்டார். அம்மா கையை உதறி உதறி அப்பா எதையோ இழுத்துக்கொண்டே இருந்தார். குழாயை எடுத்த பிறகுதான் சொன்னார், வலை இழுத்தாராம். இள வயதில் அவர் படகில் போனவர். ஐசியூவில் பலருக்கும் இப்படிப் புத்தி தடுமாறித் திரும்பும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதையும் முன்கூட்டியே சொன்னதுதான் எங்களுக்குப் பெரிய உபகாரம்.

துப்புரவு வேலை பார்க்கும் அக்கா, உள்ளே போய்விட்டு வரும்போதெல்லாம் கேட்காமலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்: "கண்ணத் திறந்து பார்க்கிறாரு", "இப்ப திருப்பிப் படுக்க வெச்சிருக்காங்க." முதுகில் படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போட்ட கைகள் யாருடையவை என்று எனக்குத் தெரியாது.

ஸ்டான்லியை எங்கள் ஆயா இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. இப்போதும் வாசலில் யாராவது வந்து சாப்பாடு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாங்கிச் சாப்பிட்டோம், முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களுக்கு இது போய்ச் சேருமா தெரியவில்லை.

சேராது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவரும் உண்டு. பொன்னேரிப் பக்கத்து அம்மா. எந்த வாசலில் பாஸ் காட்ட வேண்டும், மைக்கில் பேர் கூப்பிட்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், ராத்திரி கொசு கடிக்காத தூண் எது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் வீட்டுக்காரரும் உள்ளே இருந்தார். ஒரு விடியற்காலையில் மைக்கில் அவர்கள் பேர்தான் வந்தது. எல்லாம் முடிந்து ஆம்புலன்ஸில் ஏறும் முன்னால் திரும்பி வந்து தன் பாயை அம்மாவிடம் கொடுத்தார். "உனக்கு இன்னும் வேணும், வெச்சுக்கோ." அவர் பேர்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை.

காப்பீட்டு அட்டைக்காக ஜெராக்ஸும் கையுமாக அலைந்த எதிர்வீட்டுக் கல்லூரிப் பையனுக்கும், முதல் நாள் கண்டெய்னர் லாரி வரிசைக்குள் புகுந்து புகுந்து எங்களைக் கொண்டு சேர்த்து, இன்றுவரை காசு வாங்காத ஆட்டோ மாமாவுக்கும் நன்றி.

இனி அப்பா. குரல் இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. தொடை பாதியாக இளைத்துவிட்டது, பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். இதெல்லாம் சரியாக மாதக்கணக்கில் ஆகலாம் என்று பிசியோதெரபி மேடம் சொல்லியிருக்கிறார். எனக்கும் கவலை முழுதாக விடவில்லை. அவர் பாத்ரூம் போய் வந்தால் இப்போதும் எவ்வளவு என்று கேட்கத் தோன்றுகிறது. ஏலத்தில் வேலை செய்யும் அண்ணன்களே, "சும்மா வந்து உட்காரு அண்ணாத்தே" என்று அவரைக் கூப்பிடாதீர்கள். அவர் சும்மா உட்கார மாட்டார், கூடையில் கைவைத்துவிடுவார். நீங்களும் ஈரத்தில் இறங்கும்போது பூட்ஸ் போடுங்கள், காய்ச்சல் வந்தால் தண்ணீரில் நின்றதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. யாருடையது என்று தெரியாமல் எங்கள் வீட்டில் நாலைந்து டிபன் கேரியர்களும் ஒரு பெரிய பச்சை ஃபிளாஸ்க்கும் இருக்கின்றன. ஒரு கேரியரின் அடியில் "மு.க" என்று வெட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாது என்று அம்மா அன்றைக்கு வஞ்சிரம் குழம்பு வைக்கப் போகிறார். நேரத்தோடு வந்தால் துண்டு கிடைக்கும்.