வராந்தாவை எடுத்துவிடாதே

பினாங்கு

அன்பு நண்பா,

உன் கடிதமும் ரவாங் வீட்டு வரைபடமும் கிடைத்தன. இரண்டு நாளாக மேசையில் விரித்து வைத்துப் பார்க்கிறேன். சமையலறை அருமை. ஆனால் முன் வராந்தாவை எடுத்துவிட்டு ஹாலை நீட்டப் போகிறேன் என்கிறாயே, அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

போன ஞாயிறு சஃபோக் ஹவுசுக்குப் போயிருந்தேன். நாம் சைக்கிளில் போகும்போது ஆயர் ஈத்தாம் சாலையோரம் பாழடைந்து கிடக்குமே, பேய் பங்களா என்று பயந்தோமே, அதேதான். கூரை சரிந்து, சுவரில் செடி முளைத்துக் கிடந்ததை 2007இல் சீரமைத்து முடித்தார்கள். மறு வருடமே யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதும் கிடைத்தது.

பினாங்கில் ஆங்கிலேயக் குடியிருப்பைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் மிளகு பயிரிட்ட தோட்டம் அது. சஃபோக் என்ற பெயரும் இங்கிலாந்தில் அவருடைய சொந்தச் சீமையின் பெயர். ஆனால் இந்தச் செங்கல் மாளிகை, 1794இல் அவர் இறந்த பிறகு எழுந்தது. பின்னால் ஆளுநர்கள் குடியிருந்தார்கள். எல்லாரும் ஆங்கிலேய மாளிகை என்கிறார்கள். எனக்கு அது, சென்னைக் கோட்டைக்கு வெளியே கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் கட்டிக்கொண்ட தோட்ட வீடுகளின் தம்பியாகத்தான் தெரிகிறது. மாடியிலும் கீழேயும் தூண் வரிசையோடு அகலமான வராந்தா. வெயில் அங்கேயே நின்றுவிடும், உள்சுவரைத் தொடாது. உயரமான கதவுகளில் சாய்வுச் சட்டங்கள். சாத்தினாலும் காற்று வந்துகொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு, சுவரில் ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும்.

பகல் ஒரு மணிக்கு மாடி வராந்தாவில் தூணில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. கீழே புல்தரை வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. சட்டங்களின் வழியே வெளிச்சம் தரையில் கோடு கோடாக விழுந்திருந்தது. அப்புறம் திடீரென்று நல்ல மழை. யாரும் கதவைச் சாத்த ஓடவில்லை! சாரல் வராந்தாவின் விளிம்போடு நின்றுவிட்டது. என் வீட்டில் நாலு தூறல் விழுந்தாலே ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு ஏர்கானைப் போடுகிறோம்.

தோட்டத்தை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. பழைய ஓவியங்களில் மரமும் புல்வெளியுமாக விரிந்து கிடக்கும் நிலம் அது. இப்போது வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் புல், பக்கத்தில் பள்ளிக்கூடம். மிளகுக் கொடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆறு மட்டும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

உனக்குத் தூணும் மாடமும் வேண்டாம். நம் ஊர்க் கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் அஞ்சடி நடைபாதை அளவுக்காவது வராந்தாவை விட்டு வை. ஹால் சின்னதானால் பரவாயில்லை, சாயங்காலம் எல்லாரும் வெளியில்தான் உட்காருவீர்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு வா. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவதற்கு முந்தின நாள் உன்னை அந்த மாடி வராந்தாவில் நிற்க வைக்கிறேன். அதுவரை கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் ஆயர் ஈத்தாம் நண்பன்