படித்தால் என்ன சம்பளம் வரும்? கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும் வணக்கம்.

காட்பாடியில் பதினாறு வருடமாக நெட் சென்டர் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் என் கடையில் நிற்க இடமிருக்காது. உங்கள் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவன் நான்தான். மூன்று வருடம் கழித்து அதே பிள்ளைகள் குரூப் 4 விண்ணப்பம் போட வருகிறார்கள். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும் என்ற தேர்வு அது. அதற்கு பி.காம்., எம்.எஸ்சி. என்று தட்டும்போது எனக்கு மனசு கனத்துவிடும்.

போன மே மாதம் ஒருவர் மகளோடு வந்தார். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை. நகத்தோரமெல்லாம் நீலம் ஏறியிருந்தது. பி.எஸ்சி. கணிதம், பி.காம்., பி.சி.ஏ. மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தார். "இதுல எது படிச்சா இன்னா சம்பளம் வரும் தம்பி?" என்று கேட்டார். மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டப்போகிற பணம் அது. கேட்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. என்னிடம் பதில் இல்லை. மேசையில் கிடந்த கல்லூரிக் கையேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். கட்டடம் இருந்தது, பஸ் ரூட் இருந்தது, சம்பளம் பற்றி ஒரு வரி இல்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். பட்டத்துக்குக் கிடைக்கும் சம்பளம் நாட்டுக்கு நாடு இவ்வளவு மாறும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. கணக்கில், பள்ளியோடு நின்றவரைவிடக் கல்லூரி படித்தவர் சராசரியாகப் பாதிக்கு மேல் கூடுதலாக வாங்குகிறார். சிலியில் அவர் வாங்குவது இரு மடங்கைத் தாண்டுகிறது. நார்வே, சுவீடனில் கூடுதல் கால் பங்கை ஒட்டித்தான் நிற்கிறது. காரணம், அங்கே தொழிற்சங்கங்கள் பேசி வாங்கிய கூலியால் எலக்ட்ரீஷியனும் பஸ் டிரைவரும் கௌரவமாகவே சம்பாதிக்கிறார்கள். ஜெர்மனியில் பள்ளி முடித்த பிள்ளை மூன்று வருடம் கம்பெனியிலேயே சம்பளத்தோடு தொழில் கற்கலாம். ஆக, பட்டத்தின் விலையைப் பட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பட்டம் இல்லாதவருக்கு அந்த ஊர் என்ன கூலி கொடுக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். நல்ல வேலை கிடைத்துவிட்டால் பட்டதாரிக்குச் சம்பளம் கூடத்தான். ஆனால் கிடைக்க வேண்டுமே. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் இந்தியாவின் இளம் பட்டதாரிகளில் வேலையில்லாதவர் 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம். படிக்காதவருக்கு நல்ல வேலை கிடைக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. அவரால் சும்மா இருக்க முடியாது, கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார். பட்டதாரி காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பின் செலவும் அந்த வளையலின் தலையில்தான் விழுகிறது.

சராசரியை வைத்தும் அந்த அப்பாவுக்குப் பதில் சொல்ல முடியாது. பாலாற்றின் சராசரித் தண்ணீரைச் சொன்னால், 2021 நவம்பரில் கரை புரண்டதும் தெரியாது, மற்ற நாளில் மணலாகக் கிடப்பதும் தெரியாது. பிரிட்டனில் 2020-இல் வந்த ஓர் ஆய்வு, கல்லூரிக்கே போகாமல் இருந்திருந்தால் பண விஷயத்தில் நன்றாக இருந்திருப்பவர்கள் பட்டதாரிகளில் ஐந்தில் ஒருவர் என்று சொன்னது. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால்தான் அந்த அரசே படிப்புவாரியாகப் பட்டதாரிகளின் வருமானத்தை வெளியிடுகிறது. அமெரிக்கா 2015 முதல் கல்லூரிவாரியாக இணையத்தில் வைத்திருக்கிறது. சிலியும் வெளியிடுகிறது.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம் ஃபிளெக்ஸ் வைக்கிறீர்கள். ஒரே ஒரு பிள்ளையின் படம், கீழே 'அதிகபட்ச சம்பளம்'. அந்தப் பிள்ளை உழைத்து வாங்கியது, வாழ்த்துகிறேன். மற்றவர்கள் எங்கே? ஒரு வகுப்பில் படித்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார்? எத்தனை பேருக்கு இன்னும் வேலையே இல்லை? பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆனவர்களைக் கேட்டு, ஒவ்வொரு படிப்புக்கும் இந்த இரண்டை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சொல்லுங்கள்.

படித்துப் போனவர்களைத் தேடிப் பிடிக்க முடியாது என்று சொல்லாதீர்கள். கல்லூரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் நாக் அமைப்புக்கு மாணவர் முன்னேற்றம் என்று கணக்குக் கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. படிப்பு சம்பளத்துக்கு மட்டுமா என்று கேட்டால், இல்லைதான். பதினெட்டு வயதில் கல்யாணம் பேசிய வீட்டில், கல்லூரியைக் காட்டி மூன்று வருடம் தள்ளிப்போட்ட பெண்ணை இந்தக் கடையிலேயே பார்த்திருக்கிறேன். அதற்கு விலை போட முடியாது. ஆனால் அவளும்தான் அப்புறம் வேலை தேடி இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

அந்த அப்பா கடைசியில் பி.காம். என்றார். பக்கத்து வீட்டுப் பையன் அதைத்தான் படித்தானாம்.

அடுத்த சேர்க்கைக்கு முன்னால் அந்த ஒரு தாளை அனுப்புங்கள். எத்தனை பிரதி வேண்டுமானாலும் காசு வாங்காமல் எடுத்துத் தருகிறேன். என் கடைக் கண்ணாடிக் கதவில் முதல் தாளை ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
காட்பாடி நெட் சென்டர்காரன்