மாடியறைக் கணினிகளைச் சென்னைக்கு இறக்குமுன்

குன்னூர்
சித்திரை 9

அன்புள்ள யாழினி,

மாடியறையில் கிடக்கும் நான்கு பழைய கணினிகளையும் உன் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் காட்டச் சென்னைக்கு எடுத்துப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எடுத்துக்கொள் கண்ணு. ஆனால் எதையும் நேராகப் பிளக்கில் சொருகிச் சுவிட்சைத் தட்டிவிடாதே. இந்த ஊர் ஈரத்தில் வருஷக்கணக்காகச் சும்மா இருந்த சாதனம் கெடுவது பெரும்பாலும் மின்சாரம் ஏறிய முதல் சில நிமிஷத்தில்தான். எதை முதலில் திறப்பது, எது புகையும், எதைக் காட்டி எதைச் சொல்லலாம் என்பதை எழுதுகிறேன்.

பிபிசி மைக்ரோவில் தொடங்கு. 1984-ல் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்கு வந்த ரகம் அது. பிரிட்டனில் ஏகார்ன் நிறுவனம் 1981 கடைசியில் வெளியிட்டது. 6502 சில்லு, 2 மெகாஹெர்ட்ஸ், 32 கேபி நினைவகம். அதன் பவர் சப்ளையில் மின்சாரம் நுழையும் இடத்தில், ஒளிபுகும் மஞ்சள் உறையோடு மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர் இரண்டு இருக்கும், ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், இன்னொன்று 0.01. உள்ளே இருப்பது காகிதம். வயதானால் உறையில் மயிரிழை விரிசல் விழும், காகிதம் அதன் வழியே ஈரத்தை இழுக்கும், 230 வோல்ட் ஏறியதும் பொசுங்கி அறை முழுக்கப் புகை. கணினி பெரும்பாலும் தப்பிவிடும், நாற்றம்தான் லேசில் போகாது. ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றலாம் என்று நினைக்காதே, மாற்றிவிட்டு ஓட்டு. எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி, பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்கு. அதே அளவு என்று சாதாரண ஃபிலிம் கெப்பாசிட்டரை வைக்கக் கூடாது. நேரடி மின்சாரத்தின் குறுக்கே நிற்கிற இடம் அது. திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிக் கால்மணி நேரம் விடு. பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம்; மல்டிமீட்டரில் 5-க்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே கைவை.

படம் தெரிய, கணினியின் பின்பக்க வீடியோ சாக்கெட்டிலிருந்து டிவியின் மஞ்சள் ஏவி துளைக்கு வயர் போடு. பிஎன்சி-ஆர்சிஏ மாற்றி வேண்டும். கறுப்பு வெள்ளையாகத்தான் வரும், அது பழுதில்லை. சுவிட்ச் போட்டதும் தாழ்ந்த ஒலி ஒன்று, தொடர்ந்து சின்னதாக ‘பீப்’. முதல் ஒலி நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் போர்டில் கோளாறு.

அடுத்தது எக்ஸ்டி, ஐபிஎம் பிசி வழியில் வந்த கணினி. இதன் முன்னால்தான் அதிக நேரம் பேச வேண்டும். காரேஜில் இரண்டு பையன்கள் உலகத்தை மாற்றிய கதை அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடமாக இருக்கும், அதை விடு. 1975 ஜனவரியில் ஆல்டேர் 8800 பத்திரிகை அட்டையில் வந்ததும், 1977-ல் ஆப்பிள் 2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 மூன்றும் விற்பனைக்கு வந்ததும் பெரிய விஷயங்கள்தான். ஆனால் ஒன்றுக்கு எழுதிய மென்பொருள் இன்னொன்றில் ஓடாது, ஒன்றின் கார்டு இன்னொன்றில் பொருந்தாது. ஐபிஎம் 1981 ஆகஸ்ட் 12-ல் அறிவித்த பிசியோ அவசரத்தில் பிறந்தது. ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதால் வெளியில் கிடைத்த சரக்கையே வாங்கிச் சேர்த்தார்கள். மூளை இன்டெல் 8088, இயங்குதளம் மைக்ரோசாஃப்ட், ஃபிளாப்பி டிரைவ் டாண்டன். 4.77 மெகாஹெர்ட்ஸ் என்ற விசித்திர வேகம்கூட அமெரிக்கக் கலர் டிவிக் கணக்கிலிருந்து வந்தது, 14.318 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை மூன்றால் வகுத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்க்யூட் படத்தையும், சுவிட்ச் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸையும் கையேட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். பதிப்புரிமை பயாஸில் மட்டும்தான் தடுத்தது. காம்பேக் நிறுவனம் மூல நிரலைப் பார்க்காதவர்களை வைத்து அதே வேலையைச் செய்யும் பயாஸை எழுதி 1982-ல் தன் கணினியை அறிவித்தது. 1984-ல் ஃபீனிக்ஸ் அப்படி ஒன்றைக் கேட்டவர்களுக்கெல்லாம் விற்றது. அந்த வருஷம் நவம்பரில் இந்தியாவின் புதிய கணினிக் கொள்கை இறக்குமதிக் கெடுபிடிகளைத் தளர்த்தியது. நம் வீட்டு எக்ஸ்டி அந்த வழியில் வந்த ‘அசெம்பிள்டு’ சாமான்தான். மூடியைக் கழற்றி ஸ்லாட்டுகளைக் காட்டு. யார் வேண்டுமானாலும் கார்டு செய்து சொருகலாம் என்ற அந்த ஏற்பாடுதான் ஜெயித்தது. வேகத்தில் ஐபிஎம் பிசி ஒன்றும் கொம்பன் இல்லை.

அதன் பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் இரண்டு கனெக்டரையும் கழற்றினால், திரும்பப் போடும்போது கறுப்பு வயர்கள் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். மாற்றிப் போட்டாலும் உள்ளே போய்விடும், போர்டு போய்ச் சேரும். பின்பக்கச் சிவப்பு சுவிட்ச் 230-ல் இருக்கிறதா என்றும் பார். எக்ஸ்டியில் தேதியைக் காக்கும் பேட்டரி இல்லை. 1-1-1980 என்று காட்டினால் பயப்படாதே.

ஹார்ட் டிஸ்க் எஸ்டி-225. 615 சிலிண்டர், 4 ஹெட், 17 செக்டர், ஆளுக்கு 512 பைட். பெருக்கினால் 2 கோடியே 14 லட்சம் பைட், அதாவது 20 எம்பி. இதில் படித்து எழுதும் தலைகளை (ஹெட்) நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். இத்தனை படி நகர்ந்தால் இந்த டிராக் என்று எண்ணிப் போகுமே தவிர, டிராக்கைத் தேடிப் பிடிக்கும் வசதி கிடையாது. உலோகம் சூட்டில் விரிவதால் குன்னூர்க் குளிரில் எழுதிய டிராக் சென்னை வெயிலில் ஒரு மயிரளவு தள்ளி நிற்கும். ‘செக்டர் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதே. ஏசி அறையில் வை, அரைமணி சுழலவிட்டு மறுபடி படி. டீபக் என்ற டாஸ் கருவியில் ‘ஜி=சி800:5’ அடித்து அடியோடு ஃபார்மட் செய்யச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள்; அது வேலை செய்யும், ஆனால் உள்ளே இருப்பது அத்தனையும் அழியும். அதற்கு முன் சீரியல் கேபிளில் எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு இறக்கிவிடு. வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பைட்டுக்குப் பத்து பிட் கணக்கில் முழு டிஸ்க்குக்கும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் போட்டுவிட்டுப் படு.

486-ல் பார்க்க வேண்டியது ஒன்றுதான், ஆனால் அதுதான் அவசரம். கீபோர்டு சாக்கெட் பக்கத்தில் நீல நிறத்தில் உருளையாக 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி. கசிந்தால் காரம் செம்புத் தடங்களை அரித்துக்கொண்டு போகும். பச்சைப் பூஞ்சை மாதிரித் தெரிவது அதுதான். வெட்டி எடு. கசிந்த இடத்தில் வெள்ளை வினிகரைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பஞ்சுக்குச்சியால் தொடு, நுரை அடங்கியதும் சுத்தத் தண்ணீரால் துடை, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். ஒரு நாள் காயட்டும். அந்த இடத்தில் சிஆர்2032 வைப்பதானால் வரிசையில் ஒரு டையோடு கட்டாயம். போர்டு பழைய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும், லித்தியம் செல்லுக்கு அது ஆபத்து.

ஃபிளாப்பிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார். வெள்ளைப் புள்ளியோ வளையமோ இருந்தால் பூஞ்சை. அதை டிரைவில் போடாதே. ஒரு பூஞ்சை டிஸ்க் ஹெட்டை அழுக்காக்கும், அந்த ஹெட் அடுத்த நல்ல டிஸ்க்கைக் கீறும்.

பென்டியமும், ஃபோன் வயர் வழியாகக் கணினியை இணைக்கும் மோடமும் இன்டர்நெட் கதைக்கு. 1969 அக்டோபர் 29-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்துக்கு ‘லாகின்’ என்று அடிக்க, முதல் இரண்டு எழுத்தோடு எதிர்ப்பக்கக் கணினி முடங்கிவிட்டது. 1983 ஜனவரி 1-ல் இன்டர்நெட்டின் முன்னோடியான அந்த ஆர்பாநெட் முழுக்க டிசிபி-ஐபி என்ற தகவல் பரிமாற்ற விதிக்கு மாறியது. வின்ட் செர்ஃபும் பாப் கானும் வகுத்த அந்த விதிக்கு, அடியில் ஓடுவது செம்பா ரேடியோவா என்ற கவலை இல்லை. எக்ஸ்டியின் ஸ்லாட்டில் பார்த்த அதே புத்தி இது. 1993 ஏப்ரல் 30-ல் செர்ன் ஆய்வகம் டிம் பெர்னர்ஸ்-லீ செய்த வலையை உரிமைத்தொகை இல்லாமல் எல்லாருக்கும் விட்டுக்கொடுத்ததும் அப்படித்தான். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15-ல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்தது; விண்டோஸ் 95 வந்தது அதற்கு ஒன்பது நாள் கழித்து. மலையிலிருந்து சென்னைக்கு எஸ்டிடி (வெளியூர் அழைப்பு) போட்டு இணைய வேண்டியிருந்த காலம். மழையில் கேபிள் மூட்டுகளுக்குள் நீர் இறங்கினால் லைனில் இரைச்சல், வேகம் சரிந்து கடைசியில் அறுந்துவிடும். இடி மின்னலில் மோடம் போவது ஃபோன் வயர் வழியாகத்தான், பவர் பிளக்கை மட்டும் பிடுங்கிப் பயனில்லை.

இப்போது டயல் செய்ய எண் கிடையாது. அதனால் அலுவலகத்துக்குள் ஃபோன்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு சின்ன இபிஏபிஎக்ஸ் பெட்டி வாங்கு, அனலாக் எக்ஸ்டென்ஷன் உள்ளதாக. ஒரு எக்ஸ்டென்ஷனில் பென்டியத்தின் மோடம், இன்னொன்றில் லினக்ஸ் லேப்டாப்போடு இன்னொரு மோடம். லேப்டாப்பில் அழைப்பை எடுக்க எம்கெட்டி நிரல், அதன்மேல் இரண்டையும் வலையாக இணைக்கும் பிபிபி. பென்டியத்தில் டயல்-அப் நெட்வொர்க்கிங்கில் கூடுதல் கட்டளையாக ‘எக்ஸ்3’ போடு. இல்லையென்றால் மோடம் தனக்குத் தெரிந்த டயல் டோனுக்காகக் காத்திருந்து, பெட்டியின் டோன் வேறாக இருப்பதால் ‘நோ டயல்டோன்’ என்று நின்றுவிடும். டோனுக்கு ‘டிடி’, பெட்டி பழசாக இருந்தால் பல்ஸுக்கு ‘டிபி’. ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்காதே, பிள்ளைகள் கேட்க வேண்டியதே அந்த இரைச்சலைத்தான்.

மோடத்தின் அட்டையில் 56கே (வினாடிக்கு 56,000 பிட்) என்று இருக்கிறதே, 33.6-க்கு மேல் ஏன் ஏறவில்லை என்று ஒருவராவது கேட்பார். எக்ஸ்சேஞ்ச் குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டாக மாற்றுகிறது, மொத்தம் 64,000. 56கே கிடைக்க வேண்டுமானால் சேவை தருபவரின் பக்கம் நேராக டிஜிட்டலில் சேர்ந்திருக்க வேண்டும், வழியில் ஒரே ஒரு மாற்றம்தான் நடக்கலாம். உன் மேஜையில் இரண்டு பக்கமும் அனலாக். 33.6-ல் 3 எம்பி கைபேசிப் படம் ஒன்றை இறக்க எல்லாம் சரியாக இருந்தாலே பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல். ஒரு படத்தை உண்மையிலேயே இறக்கவிட்டுவிட்டு நீ பேசிக்கொண்டிரு.

இன்றைய தளங்கள் அந்த பிரவுசரில் திறக்காது. மறையாக்க முறை மாறிவிட்டது. லேப்டாப்பிலேயே ஒரு சின்ன வெப் சர்வர் வைத்து வெறும் எழுத்துப் பக்கங்களைப் போடு. தமிழ்ப் பக்கம் வேண்டுமானால் யூனிகோடு எடுபடாது. விண்டோஸில் அது விண்டோஸ் 2000-லிருந்துதான். அதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் முடிவாயின. பக்கத்தோடு அந்தக் குறியீட்டுக்கான எழுத்துருவையும் பென்டியத்தில் நிறுவு.

மலையிலிருந்து இறக்கும் விதம். எக்ஸ்டியில், டிஸ்க்கின் தலைகளைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தும் ‘பார்க்’ கட்டளை கொடுத்துவிட்டு அணை. பர்லியாறு மலைப்பாதை வளைவுகளில் தலைகள் தட்டில் இடித்தால் அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கை அதன் கண்ட்ரோலர் கார்டோடு சேர்த்துக் கையில் எடுத்துப் போ, பார்சலில் போடாதே. வேறு கண்ட்ரோலர் அதைப் பெரும்பாலும் படிக்காது. மானிட்டரின் முகம் சீட் மெத்தைப் பக்கம் இருக்கட்டும், அதைத் திறக்கவே வேண்டாம், உள்ளே உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ். எல்லாவற்றையும் இங்கேயே பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டு. குளிர்ந்த இரும்பு சென்னைக் காற்றைத் தொட்டால் உள்ளே வியர்க்கும். போய்ச் சேர்ந்து ஒரு நாள் கழித்துப் பிரி.

வரும்போது ரிச்சி தெருவில் எக்ஸ்2 கெப்பாசிட்டர் இரண்டு, 1என்4148 டையோடு ஒன்று, பேட்டரி ஹோல்டர், 99 சதவீத ஐசோப்ரொப்பைல் அரை லிட்டர், பிஎன்சி மாற்றி வாங்கி வா. சால்டரிங் அயர்ன் இங்கே இருக்கிறது, ஈயம் தீர்ந்துவிட்டது. அதையும் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா