புற்றுநோய்ப் பிரிவில் வழிகாட்டியும் இரவு நேரத் தொலைபேசியும் கோரி மனு

அனுப்புநர்:
கீமோ சிகிச்சை பெற்றுவரும் மார்பகப் புற்றுநோயாளி

பெறுநர்:
சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: புற்றுநோய்ப் பிரிவுகளில் நோயாளிகளுக்கு வழிகாட்டி நியமித்தல், இரவில் அழைக்க எண் வழங்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 21 நாளைக்கு ஒரு முறை கீமோ ஏற்றிக்கொள்கிறேன். நான்கு முறை முடிந்துவிட்டது. மருத்துவர்கள் மீதோ செவிலியர்கள் மீதோ எனக்குக் குறையில்லை. அவர்களுக்கு உட்காரவே நேரமில்லை. நான் எழுதுவது வார்டை விட்டு வெளியே வந்த பிறகு நடப்பதைப் பற்றி.

இரண்டாவது கீமோ முடிந்த ஒன்பதாம் நாள் இரவு உடம்பு அனலாகக் கொதித்தது. தெர்மாமீட்டர் 101 காட்டியது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் அந்த நாட்களில் 100.4 டிகிரியைத் தொட்டாலே மருத்துவமனைக்கு ஓடவேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. கோப்பின் அட்டையில் இருந்த எண்ணுக்கு என் கணவர் மூன்று முறை அழைத்தார். அது அலுவலக எண்ணாம், பகலில்தான் ஆள் இருப்பார்களாம். சரி, விடியட்டும் என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தேன். மறுநாள் சேர்த்தவர்கள் ஆறு நாள் வைத்திருந்தார்கள். அந்த மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும் என்று அங்கேதான் தெரிந்தது.

எனக்குத் தெரிந்த மற்ற விஷயங்களில் பாதி, பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்ட அக்கா சொன்னவை. "தலையணை முழுக்க முடியைப் பார்த்தா தாங்காதும்மா, முன்னாடியே ஒட்ட வெட்டிக்கோ" என்றார். வெட்டிக்கொண்டேன், அழுகை குறைந்தது. அடுத்த முறை போனபோது அவருடைய தேதி மாறியிருந்தது. எண் வாங்கிவைக்கத் தோன்றவில்லை.

அமெரிக்காவின் ஹார்லெம் மருத்துவமனையில் ஹெரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர் 1990-லேயே நோயாளி வழிகாட்டி முறையைத் தொடங்கிவிட்டார். தேதி, பரிசோதனை, பணம், பயம் எதுவானாலும் கேட்க ஓர் ஆள். இன்னொன்றும் சொல்லவேண்டும். வீட்டிலிருந்தே உடல் தொந்தரவுகளைத் தெரிவிக்க வழிசெய்து செவிலியர் கவனித்த, புற்றுநோய் உடலில் பரவிவிட்ட நோயாளிகளின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதங்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதங்கள் என 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. கேட்க ஆள் இருப்பது ஆறுதலோடு நிற்பதில்லை.

ஆகவே, புற்றுநோய்ப் பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரு வழிகாட்டியை நியமிக்க வேண்டுகிறேன். சிகிச்சை முடித்துத் தேறியவர்களுக்கே பயிற்சியும் சம்பளமும் கொடுத்து அமர்த்தினால் இன்னும் நல்லது. வாரம் ஒரு மதியம் நோயாளிகள் கூடிப்பேச ஓர் அறை ஒதுக்குங்கள். கூட வருபவர்களுக்குத் தனியாக இன்னொரு நேரம் வேண்டும். என் கணவர் இதுவரை யாரிடமும் வாய்திறக்கவில்லை. என் எதிரில் பேசவும் மாட்டார்.

இதற்கெல்லாம் நிதி ஒதுக்க நாளாகும் என்றால், இரவில் எடுக்க ஆள் உள்ள எண்ணையும் "100.4 என்றால் உடனே வரவும்" என்ற வரியையும் ஒவ்வொரு கோப்பின் அட்டையிலும் பெரிய எழுத்தில் முதலில் அச்சிட்டுத் தாருங்கள். எனக்கு அடுத்த கீமோ வரும் 14-ஆம் தேதி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)