நகர விழாக் குழுவினருக்கு: மேடை போடும் முன் ஒரு வார்த்தை

விழாக் குழுவினருக்கு வணக்கம்.

நகர நாள் நெருங்கினால் எல்லாக் குழுவிலும் எழும் குறை ஒன்றுதான்: "இந்த நாளோட அர்த்தமே இப்ப யாருக்கும் தெரியலை." அதற்கு மருந்தாக ஊர்வலத்தை நிறுத்திவிட்டுத் திடலில் பெரிய மேடை, வாணவேடிக்கை என்று முடிவெடுக்கிறீர்கள். விழா ஏற்பாட்டையே தொழிலாகச் செய்பவர்கள் என்ற முறையில் இதை மறுக்கிறோம்.

அர்த்தம் மாறுவது புதிதல்ல. ரோம் நகரின் பிறந்தநாளான ஏப்ரல் 21, ஆதியில் பரிலியா என்ற இடையர் விழா. தொழுவத்தைப் பெருக்கி, தழை கட்டி, கந்தகம் புகைத்து, எரியும் வைக்கோலைத் தாண்டுவார்கள். ஆட்டுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத நகரவாசிகளும் தாண்டினார்கள். 1923-இல் முசோலினி மே தினத்தை ஒழித்து, தொழிலாளர் நாளை இந்தத் தேதியில் கொண்டுவந்து ஒட்டினார். அவர் ஆட்சி போனதும் அது உதிர்ந்தது. பிறந்தநாள் மட்டும் நிற்கிறது.

நியூயார்க்கின் கதை வேறு. அமெரிக்க விடுதலைப் போரில் தோற்று, 1783 நவம்பர் 25 அன்று நகரைவிட்டு வெளியேறிய பிரிட்டிஷ் படை, தன் கொடியைக் கம்பத்தில் ஆணியடித்து, கம்பம் முழுக்கக் கொழுப்பைத் தடவிவிட்டுப் போனது. ஒரு மாலுமி கம்பத்தில் கட்டைகளை அறைந்து ஏறி அதை இறக்கினார். நகரம் அந்த நாளைத் தலைமுறைகளாகக் கொண்டாடியது. 1863-இல் லிங்கன் நன்றி நவிலும் நாளை நவம்பர் கடைசி வியாழனில் வைத்தார். பக்கத்திலேயே இன்னொரு விடுமுறை. பிறகு பிரிட்டனே நட்பு நாடாயிற்று. பகையை மட்டும் நம்பியிருந்த நாள் தேய்ந்து போனது.

எங்கள் கணிப்பு இது: கைக்கும் காலுக்கும் வேலை தரும் சடங்கு, அர்த்தம் மாறினாலும் பிழைக்கும். மேடை வந்தால் செய்தவர்கள் பார்ப்பவர்களாகிவிடுவார்கள்.

நடைமுறையிலும் மேடைதான் தலைவலி. ஊர்வலம் கூட்டத்தைத் தெருநெடுகப் பரப்பி வைக்கும்; திடல் ஒரே இடத்தில் குவிக்கும். சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் பாதுகாப்பாக நிமிடத்துக்கு அதிகபட்சம் 82 பேர்தான் போக முடியும். 3 மீட்டர் வாசல் ஒன்று என்றால் 246 பேர். 10,000 பேர் வெளியேற 40 நிமிடத்துக்கு மேல். கடைசி வாணம் வெடித்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். வாசலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தடுப்புக்கம்பி, குறுக்கே நிறுத்திய பிரமுகரின் கார், இவை போதும் நெரிசலுக்கு. மேடை போட்டே தீருவதானால், வாணத்துக்குப் பிறகும் அரை மணி நேரம் பாட்டு ஓடட்டும். கூட்டம் தவணையாகக் கலையும்.

ஊர்வலம் இழுக்கிறது, அறுகிறது என்பது உங்கள் புகார். முன்னால் போவோர் வேகம் கூட்டினால் வால் ஓட வேண்டிவரும், நடுவில் அறும். குழந்தைகளையும் முதியவர்களையும் முன்வரிசையில் விடுங்கள். அவர்கள் நடைதான் எல்லோருக்கும் வேகம். புதிதாகக் குடிவந்தவர்களிடம் ஏதாவது ஒன்றைத் தூக்கக் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரலோடு, திடல் வாசலின் அகலத்தையும் அளந்து எடுத்துவாருங்கள்.

இப்படிக்கு,
விழா ஏற்பாட்டாளர்கள்