நீர்மூழ்கியில் முதல் ஆபத்து கரியமில வாயு

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறு நீர்மூழ்கி கடலடியில் சிக்கினால் ஆக்ஸிஜன் தீரும் நேரத்தையே எல்லோரும் எண்ணுகிறார்கள். முந்திக்கொள்வது கரியமில வாயு. மூடிய கலத்தில் ஆக்ஸிஜன் 21 சதவீதத்திலிருந்து 17க்கு இறங்குவதற்குள் கரியமில வாயு 3 சதவீதத்தைத் தொட்டு, தலைவலியும் மூச்சிரைப்பும் தொடங்கிவிடும். அதை உறிஞ்சக் கலத்தில் வைக்கும் சோடா சுண்ணாம்பு என்ற வேதிப்பொருள் குளிரில் மந்தமாகும். ஆகவே மூச்சில் அந்த வாயு குறைவாக வெளிவர, உள்ளே இருப்பவர்கள் போர்த்திக்கொண்டு அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

2005 ஆகஸ்டில் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உள்ள கம்சாத்கா அருகே 190 மீட்டர் ஆழத்தில் சிக்கிய அந்நாட்டின் ஏஎஸ்-28 என்ற சிறு நீர்மூழ்கியை, பிரிட்டனின் ஸ்கார்பியோ-45 என்ற ஆளில்லாக் கலம் வலையையும் கம்பிகளையும் வெட்டி விடுவித்தது. 7 பேரும் பிழைத்தனர். கண்மூடித்தனமாக இழுத்தால் சிக்கல் இறுகும். நம் கடற்படையின் மீட்புக்கலம் 650 மீட்டர் வரை இறங்கும். ஆனால் சிக்கிய நீர்மூழ்கியின் மேல்மூடியில் கச்சிதமாகப் பொருந்தினால்தான் ஆட்களை ஏற்ற முடியும். வலை மூடியிருந்தால் அதற்கு முன்பே வெட்டும் கருவி போயாக வேண்டும்.

– வாசகர்கள் சிலர், காட்பாடி