மழை லீவுல லைவ் கிளாஸ் வேண்டாமே

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

மஞ்சூர் பக்கம் எஸ்டேட் லைன்ல இருக்கோம், பொண்ணு ஒன்பதாவது. ஜூன் பொறந்தா எங்க குந்தா பக்கம் மழை எப்படினு எல்லாருக்கும் தெரியும், 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. கலெக்டர் லீவு விட்ட உடனே ஸ்கூல் குரூப்ல மெசேஜ் வந்துடுது, பத்து மணிக்கு வீடியோ கிளாஸ், எல்லாரும் கேமரா ஆன் பண்ணணும்னு. எந்த மழைக்கு லீவு விட்டாங்களோ அதே மழையிலதான சார் மரம் சாஞ்சு கரண்ட் போகுது, கொஞ்ச நேரத்துல டவரும் படுத்துடுது, அப்புறம் பிள்ளை எதுல கிளாஸ் பார்க்கும்?

வீட்ல ஒரே போன், அதையும் அவங்கப்பா கொழுந்து வண்டி ஓட்டப் போறப்ப எடுத்துட்டுப் போயிடுவார். போன வருஷம் ஒரு நாள் விட்டுட்டுப் போனார், பொண்ணு குடை புடிச்சுக்கிட்டு மேட்டு ரோட்டுல ஒன்றரை மணி நேரம் நின்னா, முக்கால்வாசி நேரம் வீடியோ வராம சுத்திக்கிட்டே இருந்துச்சு, கடைசில ஆப்சென்ட் போட்டுட்டாங்க. அன்னைக்கு அவ அழுதது இன்னும் மனசுல நிக்குது.

டெக்னாலஜியே வேண்டாம்னு சொல்லல, இந்த மலைக்கு எது ஒத்து வரும்னு பார்த்து எடுங்கனுதான் கேக்கறேன். வீடியோ மீட்டிங் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி கூட இழுத்துடும், எங்க நெட் பேக்கே ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான். அதே பாடத்தை மிஸ் 15 நிமிஷம் பேசி வாட்ஸ்அப்ல வாய்ஸா போட்டா சில எம்பிதான் ஆகும், சிக்னல் எட்டிப் பார்க்கிற நேரத்துல இறங்கிடும், ராத்திரி அப்பா வந்ததும் கேட்டுக்குவா. கணக்கு வாய்ஸ்ல புரியாது, போர்டுல போட்டதை படி படியா போட்டோ எடுத்து அனுப்பலாம். மூடுல்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு, காசு குடுத்து வாங்க வேண்டியதில்ல, கோயம்புத்தூர் காலேஜ்ல என் தம்பி அதுலதான் படிச்சான், ஆப்ல பாடத்தை முன்னாடியே இறக்கி வச்சுக்கலாம், டீச்சர் செட்டிங்ல அனுமதி குடுத்திருந்தா டெஸ்ட்டையே நெட் இல்லாம எழுதிட்டு அப்புறம் அனுப்பலாம்.

ஸ்கூல் தொறந்ததும் முதல் வாரத்துலயே வீட்டுக்கு ஒரு தாள் குடுத்து கேளுங்க, போன் யார்கிட்ட இருக்கும், எத்தனை மணிக்கு வரும், சிக்னல் எங்க கிடைக்கும்னு. அட்டெண்டன்ஸையும் கேமராவைப் பார்த்துப் போடாம, மழை விட்டு ஸ்கூல் போனப்புறம் நோட்டைப் பார்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு அம்மா, மஞ்சூர், நீலகிரி